மண்டபக் கூரையைப் பிரித்த பிறகு தெரியவரும் செலவு யாருடையது? காண்டிராக்டர் வேலை பற்றி ஒரு எளிய விளக்கம்

காண்டிராக்டர் என்றால் வீடு கட்டுகிறவர், அவ்வளவுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, சாட்ஸ்வர்த்தில் என் கொழுந்தனார் நடத்துகிற சின்னக் கட்டுமான நிறுவனத்தில் கணக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வாரம் முழுக்க அவர் ஒரு செங்கல்லைத் தொட்டதை நான் பார்க்கவில்லை. காலை ஆறு மணிக்கு பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புவார் (பின்னால் திறந்திருக்கும் சின்ன லாரிக்கு இங்கே பாக்கி என்றுதான் பெயர்), பத்து மணிக்கு வந்து ஜன்னல் எப்போது வரும் என்று யாரிடமாவது போனில் கெஞ்சுவார், மதியம் முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டருக்காகக் காத்துக் கிடப்பார், சாயங்காலம் என் மேசையில் கசங்கிய ரசீதுகளைக் கொட்டிவிட்டு "அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்பார். சுவர் எழுப்புகிறவர் கொத்தனார், மரவேலை தச்சருடையது, குழாய்க்குப் பிளம்பர், வயருக்கு எலக்ட்ரீஷியன். அப்போ இவர் என்னதான் செய்கிறார்?

இத்தனை பேர் செய்கிற வேலைக்கும் ஒரே ஆளாக நின்று பதில் சொல்கிறார். இன்ன வேலை, இன்ன தொகை, இன்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நடுவில் எது நடந்தாலும் அதற்குள் முடித்துக்கொடுக்க வேண்டியது அவர் தலையெழுத்து. பிளம்பர் வரவில்லையா, ஓடு உடைந்து வந்ததா, வேலையாள் ஏணியிலிருந்து விழுந்தாரா, எல்லாம் அவர் தலையில்தான். வரைபடம் போடும் ஆர்க்கிடெக்ட், கட்டடம் நிற்குமா என்று கணக்குப் போடும் இன்ஜினியர், எவ்வளவு செங்கல் எவ்வளவு காசு என்று அளந்து சொல்லும் குவாண்டிட்டி சர்வேயர் ஆகியோர் பெரும்பாலும் உரிமையாளர் பக்கத்து ஆட்கள். சின்ன வேலைகளில் இந்த மூவருமே இருக்க மாட்டார்கள், ஒரு பக்க விலைப்புள்ளியும் ஒரு கைகுலுக்கலும்தான். தகராறு அதிகம் வருவதும் அங்கேதான்.

புதுக் கட்டடம் என்றால் இந்தப் பொறுப்பைத் தாங்குவது ஓரளவு சுலபம். காலி மனை, வரைபடம், அளவு எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போதுதான் சங்கடம். பூச்சுக்குப் பின்னால் என்ன, கூரைக்குள் என்ன, தரைக்கடியில் போகும் குழாய் களிமண்ணா இரும்பா என்று உடைத்துப் பார்க்கிறவரை யாருக்கும் தெரியாது, ஆனால் விலையை மட்டும் முதலிலேயே கேட்பார்கள். பத்து வருஷம் ரசீதுகளோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: புதுப்பிக்கும் வேலையில் காண்டிராக்டரின் உண்மையான தொழில், தெரியாமல் இருப்பதற்கு யார் காசு கொடுப்பது என்பதைச் சுவரை உடைப்பதற்கு முன்னாலேயே பேசி எழுதி வைப்பது. சிமெண்ட் கலப்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு தமிழ்ப் பள்ளி மண்டபம். சனிக்கிழமை காலை பிள்ளைகள் அ, ஆ படிப்பார்கள், மற்ற நாட்களில் கல்யாணம், காரியம், பிறந்தநாள், ஓய்வூதியக்காரர்களின் கூட்டம் எல்லாம் அங்கேதான். ஆடி வந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் அதே சமையலறையில்தான், இங்கே அதை எல்லாரும் 'பாரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். சாட்ஸ்வர்த் என்பதே 1960-களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பேரால் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து பிடுங்கப்பட்ட இந்தியர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர். நகராட்சி கட்டியது சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் மாடிக் குடியிருப்புகளும். கோயில், பள்ளி, மண்டபம் என்று ஜனங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஜனங்களே காசு போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கட்டிக்கொண்டது. இந்த ஊர்த் தமிழருக்கு அது புதிதல்ல. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து முதல் கரும்புத்தோட்டக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியதற்குப் பின் சில பத்தாண்டுகளிலேயே டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் முழுக்கச் செங்கல் கோயில்கள் எழுந்துவிட்டன, அவற்றில் பலவற்றைக் கட்டிய ராமசாமி பிள்ளையின் பெயருக்கு முன்னாலேயே 'கொத்தனார்' ஒட்டிக்கொண்டது. ஆனால் கூடிக் கட்டிய கட்டடத்தில் ஒரு சிக்கல் உண்டு. வரைபடம் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது, கம்பி எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் காலமாகிவிட்டார்கள்.

மண்டபம் ஒழுகியது. கமிட்டித் தலைவர் அங்கிள் கேட்டது "கூரையை மாத்தணும், எவ்வளவு?" என்ற ஒரே கேள்வி. கொழுந்தனார் பதிலுக்கு ஏணி கேட்டார்.

கூரையில் இருந்தது நெளிநெளியான சாம்பல் நிறத் தகடு. ஆஸ்பெஸ்டாஸ், நம்ம பழைய சொல்லில் கல்நார். சாட்ஸ்வர்த்திலும், டர்பனின் இன்னொரு இந்தியர் குடியிருப்பான பீனிக்ஸிலும் நகராட்சி வீடுகளில் ஆயிரக்கணக்கானவற்றுக்கு இதுதான் கூரை. இந்தப் பொருளின் விஷம் உலகத்துக்குத் தெரியவந்ததில் தென்னாப்பிரிக்காவுக்குப் பங்குண்டு. வட கேப் பகுதியின் நீலக் கல்நார்ச் சுரங்கங்களையொட்டி வாழ்ந்தவர்களிடம் நுரையீரல் உறையில் வரும் ஒரு அபூர்வப் புற்றுநோயை 33 பேரிடம் கண்டு, அதற்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை 1960-ல் எழுதியது வாக்னர் என்ற மருத்துவரின் குழு. அப்படியிருந்தும் இங்கே அதற்கு முழுத்தடை வந்தது 2008-ல். ஏற்கெனவே கூரையில் கிடப்பதை நாளைக்கே எடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நல்ல நிலையில், உடையாமல், தூசி கிளப்பாமல் இருந்தால் அப்படியே இருக்கலாம். தொட்டால்தான் வில்லங்கம்.

தொடுவதற்கு 2020-ல் வந்த விதிகள் இருக்கின்றன. அரசிடம் பதிவு செய்த கல்நார் அகற்றும் காண்டிராக்டர் தனியாக வேண்டும், தொழிலாளர் துறைக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும். அவர்கள் செய்ததை எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். முகமூடியும் ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற வெள்ளை உடுப்புமாக நாலு பேர். தகட்டின் மேல் முதலில் தண்ணீரை மெதுவாகத் தெளித்து நனைத்தார்கள், தூசி எழக்கூடாது என்பதற்காக. பிறகு ஆணியைப் பிடுங்காமல், தகட்டை உடைக்காமல், போல்ட்டின் தலையை மட்டும் வெட்டி, முழுத் தகடாகத் தூக்கி, குழந்தையை இறக்குகிற மாதிரி கீழே இறக்கி, கனத்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினார்கள். அது போகவேண்டிய இடம் அபாயக் கழிவுக்கென்று உரிமம் பெற்ற கிடங்கு. அங்கே கொட்டியதற்கான சான்றிதழ் கைக்கு வந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. இதே தெருவில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கூரைக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று இதே தகட்டை வாடகைக்கு எடுத்த பிரஷர் வாஷரால் பீய்ச்சி அடித்துக் கழுவினார், சாம்பல் தண்ணீர் எல்லார் வாசலிலும் ஓடியது, பிள்ளைகள் அதில் காலை நனைத்து விளையாடின. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கம்பி பிரஷால் தேய்ப்பதும் அதே கதைதான்.

சரி, தகடு போனதும் மரச்சட்டம் தெரிந்தது. சுவரின் தலையில் நீளவாக்கில் படுத்திருக்கும் மரத்தை இங்கே வால்ப்ளேட் என்பார்கள், கூரையின் மொத்த பாரமும் அதன் வழியாகத்தான் சுவருக்குள் இறங்கும், அதைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பது செங்கலுக்குள் பதித்த இரும்புப் பட்டை. கிழக்குப் பக்கம் பதினோரு மீட்டர் நீளத்துக்கு அந்த மரம் வெளியே பார்க்க மரம், விரலால் அழுத்தினால் ரஸ்க். ஒழுகின தண்ணீரும் கரையானும் சேர்ந்து தின்றது. இரும்புப் பட்டையோ, கடற்காற்று ஊரில் வேறென்ன, துருப்பொடி. கொழுந்தனார் ஒரு துண்டை உடைத்துத் தலைவர் அங்கிள் கையில் கொடுத்தார். அங்கிள் அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது விலையில சேர்ந்ததா?" என்றார்.

நான் முன்னால் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. விலைப்புள்ளியில் இரண்டு வகைத் தொகை இருக்க வேண்டும். ஒன்று, அளந்து பார்த்துச் சொன்ன வேலைக்கு உறுதித்தொகை: இத்தனை சதுர மீட்டர் தகடு, இத்தனை மீட்டர் மழைநீர்த் தகரம். இன்னொன்று உத்தேசத்தொகை: 'வால்ப்ளேட் கெட்டிருந்தால் மாற்ற மீட்டருக்கு இவ்வளவு, அளந்து காட்டிய பிறகுதான் பில்' என்பது மாதிரி. அதோடு எதிர்பாராத செலவுக்கென்று ஒரு தனித்தொகையை உரிமையாளர் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், பழைய கட்டடத்துக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். எங்கள் விலைப்புள்ளியில் மீட்டர் விலை எழுதியிருந்தது. அதனால் அங்கிளின் முகம் சுருங்கினாலும் சண்டை வரவில்லை. அவருக்கு வந்த மற்ற இரண்டு விலைப்புள்ளிகளும் எங்களுடையதைவிடக் குறைவு, இரண்டிலும் 'கூரை மாற்றம், மொத்தம்' என்று ஒரே வரி. ஒரே வரியில் எழுதிய விலை மலிவானது இல்லை, அது முடிவு செய்யப்படாதது, மீதி வரிகளைக் கூரையைப் பிரித்துப் போட்டபிறகு, மழைமேகத்தைக் காட்டி எழுதுவார்கள்.

பழைய தகட்டுக்குப் பதில் என்ன போடுவது என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. கமிட்டியில் பாதிப்பேருக்கு சிமெண்ட் ஓடு ஆசை, பார்க்க அழகு. பழைய தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ என்றால் சிமெண்ட் ஓடு 50 கிலோ வாக்கில் வரும். மூன்று மடங்குக்கு மேல். அந்தச் சட்டமும் சுவரும் அஸ்திவாரமும் அந்த எடைக்குக் கட்டப்பட்டவை அல்ல, டர்பனின் பல மேடுகளில் அடியில் இருப்பது பெரியா சிவப்பு மணல், தண்ணீர் கண்டால் அரித்துக்கொண்டு போகிற மண். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் செத்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது, சரிவில் நின்ற வீடுகள் மண்ணோடு சரிந்ததையும். ஆக ஓடு வேண்டுமென்றால் இன்ஜினியர், புதுச் சட்டம், புது வரைபட அனுமதி. வேண்டாமென்றால் நிறம் பூசிய எஃகுத் தகடு. கமிட்டி எஃகுத் தகட்டையே எடுத்தது, இரண்டு கூட்டம் அதற்கே போயிற்று.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இதில்தான் தலை சுற்றும். 1977-ன் தேசியக் கட்டட விதிகள் சட்டப்படி, கட்டடத்தின் அமைப்பை மாற்றுகிற வேலைக்கு நகராட்சியின் வரைபட ஒப்புதல் வேண்டும். 500 சதுர மீட்டருக்குக் கீழ் என்றால் 30 நாளில், அதற்குமேல் என்றால் 60 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கட்டடத்துக்கு 60 வயது தாண்டிவிட்டால் 1999-ன் பாரம்பரியச் சட்டம் நுழையும், குவாசுலு-நேட்டாலில் அமாஃபா என்ற அமைப்பின் அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயில் மாதிரி 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடத்துக்குத்தான் அது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், சாட்ஸ்வர்த்தின் முதல் கட்டடங்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக அந்த 60-ஐத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. நேற்றுவரை சாதாரண மண்டபமாக இருந்தது இன்று பாரம்பரியம். நல்ல காண்டிராக்டர் முதலில் கட்டடத்தின் வயதைக் கேட்பார்.

காண்டிராக்டருக்கே என்ன தகுதி வேண்டும்? அரசாங்கப் பணத்தில் நடக்கும் வேலை என்றால் சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியம்) பதிவு கட்டாயம், 1 முதல் 9 வரை தரம். 2019-க்குப் பிந்தைய கணக்கில் 1-ஆம் தரத்துக்கு 5 லட்சம் ராண்ட் வரையிலான வேலை, 9-க்கு உச்சவரம்பே இல்லை. புது வீடு கட்டுகிறவர்களுக்கு என்.எச்.பி.ஆர்.சி. (வீடு கட்டுவோரைப் பதிவு செய்யும் தேசிய மன்றம்) பதிவு, 1998 சட்டத்தின்படி. அந்த வீட்டில் கூரை ஒழுகினால் ஒரு வருஷம், அஸ்திவாரம், சுவர் போன்ற பெரிய குறைகளுக்கு ஐந்து வருஷம் காப்பு. இதில் பலர் ஏமாறுகிற இடம்: அந்த 1998 காப்பு புது வீட்டுக்கானது, பழைய வீட்டுக் கூரையை மாற்றியதற்கு அதைக் காட்டிக்கொண்டு போக முடியாது. 2024-ல் ஜனாதிபதி கையெழுத்திட்ட புதுச் சட்டம் புதுப்பிக்கும் வேலையையும் உள்ளே இழுக்கிறது. கோயில் தன் சொந்தப் பணத்தில் மண்டபம் புதுப்பித்தால் சி.ஐ.டி.பி. தரம் சட்டப்படி கேட்க வேண்டியதில்லை, ஆனாலும் கேளுங்கள். தொழிலாளர் காயமடைந்தால் ஈடு கொடுக்கும் நிதிக்குப் பணம் கட்டியிருக்கிறாரா என்பதற்கான சான்றிதழையும் கேளுங்கள், ஏணியிலிருந்து விழுந்தவர் உங்கள் மண்டபத்தில் விழுந்தவர்.

இதெல்லாம் வெறும் காகிதம் என்று சலித்துக்கொள்கிறவர்களிடம் நான் டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட் ஊரைத்தான் சொல்வேன். 2013 நவம்பர் 19 அன்று, கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் அங்கே இடிந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், 29 பேர் காயம். வேலையை நிறுத்தச் சொல்லி நகராட்சி நீதிமன்ற உத்தரவே வாங்கியிருந்தது, வேலை நிற்கவில்லை.

இப்போது வீடுகள். ஏழைகளுக்கான வீடு என்றால் இந்த நாட்டில் பலர் நினைவுக்கு வருவது 1994-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கட்டிக்கொடுத்த ஆர்.டி.பி. வீடுதான், குடும்பத்தின் மாத வருமானம் 3,500 ராண்டுக்குள் இருக்க வேண்டும், பின்னாளில் குறைந்தது 40 சதுர மீட்டர் என்று அளவு வைத்தார்கள். அந்த வகை வேலையில் காண்டிராக்டருக்குக் காசு கட்டம் கட்டமாக வரும், தளம் போட்டதும் ஒரு பங்கு, சுவர் வால்ப்ளேட் மட்டம் வந்ததும் ஒரு பங்கு, கூரை, பிறகு முடிவு. ஒவ்வொரு கட்டத்தையும் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். லாபம் வீட்டுக்கு வீடு சொற்பம், நூறு வீட்டில்தான் கையில் ஏதாவது நிற்கும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் நடப்பது அதிகமும் பழைய நகராட்சிக் குடியிருப்புகளைச் செப்பனிடுவதுதான், புது வேலையைவிட இது பத்து மடங்கு நுணுக்கமானது என்று சொல்வேன். மூன்று மாடி, மாடிக்கு இரண்டு அல்லது நாலு வீடு, எல்லா வீட்டிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வேலை நடக்கும்போதும் அங்கேதான் சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், பரீட்சைக்குப் படிக்கிறார்கள். ஒரு வீட்டுக் கழிப்பறை ஒழுகுகிறது என்று அந்த வீட்டை மட்டும் சரிசெய்ய முடியாது. கழிவுக்குழாய் மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோட்டில் மூன்று வீடுகளுக்கும் பொது. மேல்வீட்டு ஆயா குளித்தால் கீழ்வீட்டுச் சுவர் வியர்க்கும். ஆகவே வேலையை மாடி வாரியாகப் பிரிக்காமல், குழாய் வாரியாகப் பிரிக்க வேண்டும்: இந்த வரிசை மூன்று வீட்டுக்கும் திங்கள் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் நிற்கும், புதன் மாலைக்குள் திரும்பி வரும், இடையில் முற்றத்தில் தற்காலிகக் கழிப்பறை. இதை ஒரு வாரம் முன்னால் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும், கதவில் நோட்டீஸ் ஒட்டுவது போதாது. அரசாங்க வேலைகளில் இதற்கென்றே அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒருவரைத் தொடர்பாளராகச் சம்பளத்துக்கு வைப்பார்கள். என் அனுபவத்தில் ஒரு நல்ல தொடர்பாளர் இரண்டு கொத்தனாருக்குச் சமம், யார் வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறது, யார் இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிறார் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது.

இன்னொரு சிக்கல் கூரை யாருடையது என்பது. வாடகைக்கிருந்தவர்களுக்கே இந்த வீடுகளை அரசு பெயர் மாற்றிக் கொடுத்தபோது பலரும் சந்தோஷப்பட்டார்கள், நியாயம்தான். ஆனால் அடுக்குமாடியில் உங்களுடையது நாலு சுவருக்குள் இருப்பது மட்டும். கூரை, படிக்கட்டு, வெளிச்சுவர், பொதுக்குழாய் எல்லாம் எல்லாருக்கும் சொந்தம், அதை உரிமையாளர் சங்கம் மாதாமாதம் பணம் வசூலித்துப் பராமரிக்க வேண்டும். மேல்மாடிக்காரர் வீட்டில்தான் ஒழுகும், கீழ்மாடிக்காரர் எதற்கு நான் கொடுக்க வேண்டும் என்பார். காண்டிராக்டர் இங்கே விலை சொல்வதற்கு முன்னால் சங்கம் இருக்கிறதா, கணக்கில் பணம் இருக்கிறதா, கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று கேட்க வேண்டும். கேட்காமல் ஒரு தடவை வேலையைத் தொடங்கிவிட்டு, பாதிக் கூரையோடு எங்கள் ஆட்கள் ஒன்பது நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கூலி நாங்கள்தான் கொடுத்தோம்.

கூலி என்றதும் பணம் ஓடுகிற விதத்தைச் சொல்லியாக வேண்டும், காண்டிராக்டர்கள் வேலை தெரியாமல் மூழ்குவதைவிடப் பணம் தாமதமாக வந்து மூழ்குவது அதிகம். கணக்குக்கு ஒரு தொகை வைத்துக்கொள்வோம். இந்த மாதம் 2 லட்சம் ராண்டுக்கு வேலை செய்திருக்கிறோம், அதில் லாபம் 20,000 என்று வையுங்கள். ஆட்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளி சம்பளம், தள்ள முடியாது. ஹார்ட்வேர் கடைக்கு மாதக் கடைசியில் பாக்கி தீர்க்க வேண்டும். ஆக 1,80,000 ராண்ட் நம் கையிலிருந்து போய்விட்டது. அரசுத் துறைகள் 30 நாளில் பில் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது 90 நாளானால் மூன்று மாத வேலைக்கான செலவை, 5,40,000 ராண்டை, நாங்கள் எங்கிருந்தாவது புரட்டியிருக்க வேண்டும். வங்கி வட்டியில் அந்த லாபம் கரைந்து போகும். பாதியில் காண்டிராக்டர் ஓடிவிட்டார் என்று கேள்விப்படும்போது அவர் ஏமாற்றுக்காரர் என்று உடனே முடிவுகட்டாதீர்கள், சிலர் ஏமாற்றுக்காரர்கள்தான், ஆனால் நான் பார்த்த பாதிக் கதைகளில் ஆள் முழுகிப்போயிருந்தார்.

மறுபக்கம், உரிமையாளரைக் காப்பதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பில்லிலும் 5 அல்லது 10 சதவீதத்தைப் பிடித்து வைப்பார்கள். வேலை பயன்படுத்தும் அளவுக்கு முடிந்ததும் பாதியும், குறைகளைச் சரிசெய்யும் காலம், வழக்கமாக மூன்று மாதம், கழிந்ததும் மீதியும் கொடுப்பார்கள். கைநிறைய முன்பணம் கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள். பொருளுக்கு முன்பணம் வேண்டுமென்றால் பொருளைக் கடையிலிருந்து உங்கள் பெயரிலேயே வாங்கி இறக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நடுவில் ஆட்கள் வந்து நின்று "இந்த வேலையில் 30 சதவீதம் எங்களுக்கு" என்று கேட்பது. டர்பனில் தொடங்கி நாடெங்கும் பரவிய வியாதி இது. 2017-ல் வந்த கொள்முதல் விதியில் 3 கோடி ராண்டுக்கு மேற்பட்ட அரசு ஒப்பந்தங்களில் சாத்தியமானால் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு உள்குத்தகை விட வேண்டும் என்றிருந்ததைத் திரித்து, எந்த வேலைத்தளத்திலும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த விதியே 2023 ஜனவரியோடு போய்விட்டது, கேட்பவர்கள் போகவில்லை. சின்ன மண்டப வேலைக்கு அவர்கள் வருவதில்லை. அந்த மட்டில் நிம்மதி.

மண்டபத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் பொதுக்கட்டடத்தின் தலையாய பிரச்சினையை இன்னும் சொல்லவில்லை. முதலாளி யார்? வீடு என்றால் ஒருவர் அல்லது கணவன் மனைவி இருவர். மண்டபத்துக்கு டிரஸ்டிகள் ஐவர், கமிட்டி பதினோரு பேர், மாதர் அணி, இளைஞர் அணி, அதோடு முப்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு மூட்டை சிமெண்ட் கொடுத்த ஒவ்வொருவரும். எல்லாரும் வேலை நடக்கும்போது வந்து பார்ப்பார்கள், எல்லாரும் கொத்தனாரிடம் ஏதாவது சொல்வார்கள். ஒரு ஆன்ட்டி வந்து, "தம்பி, சமையலறைக் கதவைக் கொஞ்சம் அகலமாக்கிடுப்பா, கூழ் அண்டா போகமாட்டேங்குது" என்றார். கொத்தனார் நல்ல பிள்ளை, பெரியவங்க சொன்னால் தட்டமாட்டார், மறுநாள் காலையே சுவரை இடித்துவிட்டார். கதவுக்கு மேல் சுவரின் பாரத்தைத் தாங்கும் லிண்டல் புது அகலத்துக்குப் போதவில்லை, ஆக புது லிண்டல், புதுச் சட்டகம், புதுக் கதவு, டைல்ஸ் ஒட்டு. விலைப்புள்ளியில் இதில் ஒன்றுகூட இல்லை. பொருளாளர் தாத்தா தரமாட்டேன் என்றார். இதில் வேடிக்கை, ஆன்ட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அண்டா அந்தக் கதவு வழியாக உண்மையிலேயே போகாது, வருஷா வருஷம் பின்பக்கமாகச் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அன்றைக்குப் பிறகு கொழுந்தனார் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்: மாற்றம் எதுவானாலும் தலைவர் அங்கிள் ஒருவர்தான் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் எழுதிச் சொல்ல வேண்டும், அதற்கு நாங்கள் விலையும் கூடுதல் நாட்களும் எழுதி அனுப்பி, அவர் 'சரி' போட்ட பிறகுதான் சுத்தியலை எடுப்போம். பெரிய ஒப்பந்தங்களில் இதற்குப் படிவமும் வேரியேஷன் ஆர்டர் என்ற பெயரும் உண்டு, சரக்கு ஒன்றுதான். கதவுச் செலவில் பாதியை நாங்கள் ஏற்றோம், பாதியை மாதர் அணி ஒரு பிரியாணி விற்பனை வைத்துக் கொடுத்தது.

நாள் குறிப்பதிலும் இழுபறி இருந்தது. டர்பனில் பெருமழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை, கூரையைத் திறக்கத் தோதான காலம் மே முதல் ஆகஸ்ட். கூழ்ப் பூஜை வரிசையாக நடப்பதும் அந்த ஜூலை, ஆகஸ்டில்தான். கடைசியில் மண்டபத்தின் இரண்டு பாதிகளையும் தனித்தனியாக எடுத்தோம், ஆடி வரும் முன் சமையலறைப் பக்கம், ஆடி முடிந்து மற்ற பக்கம். சாரம் இரண்டு முறை கட்டியதில் கூடுதல் செலவு, அதையும் முதலிலேயே எழுதியிருந்தோம்.

ஒப்படைக்கிற நாளன்று அங்கிளும் கொழுந்தனாரும் நோட்டுப் புத்தகத்தோடு மண்டபத்தைச் சுற்றினார்கள், குறைப் பட்டியல் எழுத. இங்கே ஸ்னாக் லிஸ்ட் என்பார்கள். இருபத்திமூன்று வந்தது: பெயின்ட் வழிந்த கண்ணாடி, ஒட்டாத ஸ்கர்ட்டிங், தளர்ந்த குழாய்த் தலை, எலக்ட்ரீஷியனின் சான்றிதழில் ஒரு கையெழுத்துக் குறைவு. இருபத்தொன்றை அந்த வாரமே முடித்தோம். நவம்பரில் ஒரு ராத்திரி வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியபோது அங்கிள் குடையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய் விளக்கைப் போட்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்திருக்கிறார். காலையில் போன் வந்தது. கூரை காய்ந்திருக்கிறது, ஆண்கள் கழிப்பறை ஜன்னலோரம் மட்டும் கொஞ்சம் ஈரம், அதைப் பார்த்துவிட்டு மீதிப் பணத்துக்குப் பில் அனுப்பச் சொன்னார்.